தாமஸ் பெயினின் சமாதி

நம் சமூகத்தார் முன்னோருடைய சமாதிகளைப் போற்றுவதில் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். பெரியவர் அடங்கிய திருநாளில் அவ்விடத்திற் கூடி, புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, விளக்கேற்றி, வந்தவர்க்கு அன்னமிட்டு வருகின்றோம். ஆயினும், ஒரு சமாதியினிடத்து நாம் போற்றுவது யாது என்று எவரேனும் வினவினால், நம்மிற் பலர் உடனே விடை கூறமாட்டார். உள்ளே கிடக்கும் உடலையா? மேலே எழுப்பிய மண்டபத்தையா? அன்றி, அவ்விடத்தில் முன்னொரு நாள் நிகழ்ந்த ஒரு செய்தியையா? இதனை ஆராய்தற்கு, உடலே இல்லாத ஒரு சமாதியின் சரித்திரம் பெருந்துணையாகும் என்று கருதி, அதனை இம்மாத வியாசத்துக்குப் பொருளாகக் கொண்டோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் நகருக்கு வடகிழக்கே நியூ ரொஷெல் என்று ஓர் ஊர் உளது. அங்கே சாலையோரத்தில் வெண்சலவைக்கல்லாலாகிய தூண் ஒன்று நிற்கின்றது. அதன் உச்சியில் வெண்கலத்தாற் செய்த மார்பளவுச் சிலையொன்று வைக்கப்பட்டுள்ளது. அச்சிலைக்குரியவர் தாமஸ் பெயின். அரசர்க்குரியதென்று உலகம் நம்பியிருந்த ஆட்சியுரிமை குடிகளுக்கே உரியதென்று, தச்சனும் செருப்புத் தைப்பவனும் படித்துணரும் நடையில் எழுதியவர் அவர். அவர் புதைக்கப்பட்ட இடம் அத்தூணுக்கு அண்மையிலேயே இருந்தது. ஆனால் அவருடைய எலும்புகள் இன்று அங்கு இல்லை.

குலப் பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று அங்கத்தினரிற் சிலர் ஐயுறலாம். பிறப்பொன்றே காரணமாக ஒரு குடும்பம் ஏனைய குடும்பங்களுக்கு மேலாக என்றென்றும் அமர்ந்திருக்க உரிமையுடையதன்று என்பதே அவர் தம் முதற் பெருநூலிற் சாதித்த கொள்கை. பிறப்புப் பெருமை பேசுவோர்க்கு அஃது இனிய கொள்கையன்று. நம்முடையது போன்ற சங்கங்கள் தோன்றியதோ, பிறரை விட உயர்ந்தோம் என்று பேசுதற்கன்று; பள்ளிக்கூடமும் உத்தியோகமும் பொதுக் கிணறும் பொது வழியும் நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்படலாகாது என்பதற்கே. இடையில் அந்நோக்கத்தை மறந்து, செப்பேட்டையும் புராணத்தையும் காட்டி மேன்மை கொண்டாடியவர் நம்மிலும் உண்டு. அவர்களுக்கும் இவ்வரலாறு கசப்பு மருந்தாக உதவும்.

பெயின் 1737ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் நாள் இங்கிலாந்தில், நார்போக்கு ஜில்லாவைச் சேர்ந்த தெட்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மாதர் அணியும் கச்சுத் தைக்கும் தொழிலாளி. குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர். மகனும் முதலில் அத்தொழிலையே கற்றார். பின்னர்க் கலால் உத்தியோகத்தில் அமர்ந்தார். அக்காலத்துக் கலால் உத்தியோகஸ்தர்க்கு ஆண்டுச் சம்பளம் 50 பவுன். அதற்குள்ளே குதிரைச் செலவும் அடங்கும். வயிறு நிறையாதவனிடம் வரி தண்டும் பொறுப்பை ஒப்புவித்தால் நேர்மை எங்ஙனம் நிற்கும் என்று கேட்டு, 1772இல் தம் உடனுத்தியோகஸ்தர் சார்பில் விண்ணப்பமொன்று எழுதி அச்சிட்டார். பார்லிமெண்டார் செவி சாய்க்கவில்லை. 1774இல் வேலையும் போயிற்று. ஒரு கூட்டத்தாருடைய குறையை ஒருவர் எடுத்தெழுதி, அதன் பயனாகத் தாம் மட்டும் தெருவில் நிற்பது எக்காலத்தும் நிகழ்வதே. சங்கக் காரியங்களில் உழைத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் அளித்த அறிமுகக் கடிதங்களுடன் அவர் 1774ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர் சேர்ந்தார். அடுத்து வந்த பதினான்கு மாதங்களுக்குள், 1776 ஜனவரி 10இல், ‘பொது அறிவு’ என்று பொருள்படும் பெயருடைய அவரது சிறு நூல் வெளிவந்தது. இங்கிலாந்து அரசனோடு சமாதானம் பேசுவதா, பிரிவதா என்று தயங்கி நின்ற ஜனங்களைப் பிரிவதற்கே துணிவித்த நூல் அஃதென்பது சரித்திராசிரியர் பலருடைய கருத்து. அந்நூலால் வந்த இலாபத்தை அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. 1780இல் பென்சில்வேனியாச் சட்டசபை அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது அச்சபைக்கு எழுத்தராயிருந்தவரும் அவரே. யுத்தம் முடிந்தபின், 1784இல், நியூயார்க் அரசாங்கத்தார் அவருடைய ஊழியத்தைப் பாராட்டி, நியூ ரொஷெலில் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை நிலமொன்றை அவர்க்கு வழங்கினர்.

பிற்பகுதி வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவோம். 1791இலும் 1792இலும் இரு பாகமாக ‘மனிதனுடைய உரிமைகள்’ என்னும் நூலை வெளியிட்டார். ஏழைக் குழந்தைகளின் கல்விக்கும் முதியோர் ஜீவனத்துக்கும் அரசாங்கமே பணம் கொடுக்கவேண்டும் என்றும், ஐம்பது வயதில் ஆண்டுக்கு 6 பவுனும் அறுபதில் 10 பவுனும் தருக என்றும், அது தருமமன்று, உரிமை என்றும் அதிற் கணக்கோடு எழுதினார். முதியோர் உதவித்தொகை என்று இன்று நம் கிராமங்களில் வழங்கும் ஏற்பாட்டின் வித்து அவ்வேடுகளிற் கிடக்கின்றது. இங்கிலாந்து அரசாங்கம் அவர் இல்லாதபோதே இராஜத்துரோக வழக்கை நடத்திக் குற்றவாளியெனத் தீர்த்தது. பிரெஞ்சு தேசத்தார் அவரைத் தம் மகாசபைக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தனர். அங்கேயோ, முடியாட்சியை ஒழிக்க விழைந்த அவரே, பதினாறாம் லூயி மன்னனைக் கொல்லுதல் தகாதென்று வாக்களித்தார். அதனால் வந்த பகையும் சேர, 1793 டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு நவம்பர் வரை சிறையிற் கிடந்தார். சமய நூல்களின் ஆதாரத்தை மறுத்தெழுதிய ‘பகுத்தறிவின் காலம்’ என்னும் நூல் 1794இல் வெளிவரத் தொடங்கியது. கடவுள் உண்டென்பதை அந்நூலில் அவர் மறுக்கவில்லை. ஆனால் பாதிரிமாரும் பக்தரும் அவரை நாஸ்திகரென்றே முடிவு செய்தனர்.

1802இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது, முன்னர்க் கொண்டாடியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். 1806இல் நியூ ரொஷெலில் தேர்தல் நடந்தது. தம் நிலம் இருக்கும் அவ்வூரில் வாக்களிக்கச் சென்றவரை, ‘நீர் இந்நாட்டுப் பிரஜையல்லீர்’ என்று சொல்லித் தேர்தல் அதிகாரிகள் திருப்பியனுப்பினர். நாடு தனி நாடாகுமுன்பே அதன் விடுதலைக்கு எழுதியவர்க்கு அந்நாட்டிலேயே வாக்கில்லாமற் போயிற்று. அவருடைய நினைவுத்தூண் இன்று நிற்பதும் அதே ஊரில் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனிச் சமாதிக்கு வருவோம். 1809 ஜனவரியில் எழுதிய மரணசாசனத்தில், தம்மை எங்ஙனம் அடக்கம் செய்யவேண்டும் என்பதை அவர் குறித்துள்ளார். தந்தையார் குவேக்கராதலின், அவர்களுடைய மயானத்தில் இடம் தந்தால் அங்கே புதைக்க வேண்டும். தராவிடின் தம் பண்ணையிலேயே புதைக்க வேண்டும். பன்னிரண்டடிச் சதுரம் போதும். சுற்றிலும் மரம் நட்டு வேலியிடுக. தலைமாட்டில் ஒரு கல். அதிற் பெயரும் வயதும், ‘பொது அறிவு’ நூலின் ஆசிரியர் என்னும் குறிப்பும் பொறிக்கப்படுக. இவ்வளவே அவர் கேட்டது. இரண்டு தேசங்களின் புரட்சியிற் பங்கு கொண்டவர், தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள விரும்பியது ஒரு புத்தகத்தின் பெயரை மட்டுமே.

குவேக்கர்கள் இடம் தர மறுத்தனர். நடுவுநிலையோடு கூறுமிடத்து, அவர்கள் சொன்ன காரணம் முற்றும் பொய்யன்று. தம் மயானத்தில் எவர்க்கும் ஞாபகச்சின்னம் எழுப்புதல் அவர்கள் விதிக்கு மாறு; பெயினுடைய அன்பர்கள் பிற்காலத்தில் ஒன்றை எழுப்பவே முயல்வர் என்று அவர்கள் எண்ணினர். அடிமை வியாபாரத்தை முதன்முதல் எதிர்த்துக் குரல் கொடுத்த கூட்டத்தாரும் அவர்களே. ஆயினும், ‘பகுத்தறிவின் காலம்’ எழுதாத ஒருவர் கேட்டிருப்பின் இவ்விதி இவ்வளவு கண்டிப்பாக நினைவுக்கு வந்திருக்குமோ என்பது ஆராயத்தக்கது. மறுப்பவர் எக்காலத்தும் விதியைக் காட்டியே மறுப்பர்.

அம்மறுப்புக்குப் பின் அவர் நெஞ்சிற் பெரிய அச்சமொன்று தோன்றியது. ‘பண்ணையை விற்றுவிடுவார்கள்; என் எலும்பு மக்குமுன்பே தோண்டி எடுப்பார்கள்’ என்னும் கருத்துப்பட, தம்மைப் பேணி வந்த பொன்வீல் அம்மையாரிடம் அவர் சொல்லி வருந்தினார். அது நிகழாது என்று அவ்வம்மையார் தேற்றினார். ஜூன் 8ஆம் நாள் நியூயார்க்கில் கிரீனிச் என்னும் பகுதியில் அவர் உயிர் நீங்கியது.

பிரேதத்தை இருபது மைலுக்கு மேற்பட்ட தூரம் வண்டியிற் கொண்டு சென்றனர். குழியருகே நின்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். பொன்வீல் அம்மையார், அவருடைய மகன், குவேக்கராயினும் தம் கூட்டத்தாரோடு ஒவ்வாது துணை நின்ற வில்லெட் ஹிக்ஸ் என்பார், கறுப்பு இனத்தவர் இருவர், மற்றும் சிலர். அரசாங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவ்வம்மையார் குழியின் ஒரு பக்கத்தில் தாம் நின்று, மறுபக்கத்தில் தம் மகனை நிறுத்தினார். அமெரிக்காவின் நன்றிக்கு இவன் சாட்சி, பிரான்சின் நன்றிக்கு நான் சாட்சி என்னும் கருத்தமைந்த சொற்களை அவர் அங்கே கூறினார். அச்சிறுவனே பிற்காலத்தில் அமெரிக்கச் சேனையில் தளபதியாகி, மேற்குத் திசை நாடுகளைச் சுற்றியாராய்ந்து, பொன்வீல் உப்புவெளி என இன்றும் வழங்கும் இடத்துக்குத் தன் பெயரைத் தந்தவன்.

பெயின் அஞ்சியது பத்தாண்டில் நிகழ்ந்தது. நிகழ்த்தியவர் பகைவரல்லர், பக்தர். வில்லியம் காபெட் என்னும் ஆங்கிலப் பத்திரிகாசிரியர் இளமையிற் பெயினைக் கடுமையாக வைது எழுதியவர். பின்னர்ப் பெயின் எழுதிய நாணய விஷயமான நூலொன்றைப் படித்து மனம் மாறினவர். தம் நாட்டு அடக்குமுறைக்கு அஞ்சி 1817இல் அமெரிக்காவிற் குடிபுகுந்திருந்த அவர், பெயினுடைய சமாதி புல் மண்டிக் கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டு வெகுண்டார். 1819ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஒருநாள் பொழுது விடியுமுன் ஆட்களோடு சென்று குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்துக் கப்பலேற்றினார். அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மான்செஸ்டரில் வாக்குரிமை வேண்டிக் கூடிய ஜனத்திரள்மீது குதிரைப்படை பாய்ந்து, பதினைவர்க்குக் குறையாமல் மாண்டிருந்தனர். அக்கொதிப்பின் நடுவே, பெயினுடைய எலும்புகளை இங்கிலாந்துக்குக் கொணர்ந்து பெரியதொரு மண்டபம் எழுப்பினால், ஏழை ஜனங்கள் அதன்கீழ் ஒன்றுபடுவர் என்று காபெட் எண்ணினார்.

நவம்பரில் எலும்புகள் லிவர்பூல் துறைமுகம் சேர்ந்தன. நாடோ சிரித்தது. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் தீட்டின. பைரன் என்னும் கவிஞரும் ஏளனச் செய்யுள் ஒன்று எழுதினார். பெயினுடைய மயிரிழை வைத்த மோதிரங்களை விற்று நிதி சேர்க்கக் காபெட் செய்த யோசனையும் பலிக்கவில்லை. மண்டபத்துக்கு ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. எலும்புகள் பெட்டியிற் கிடந்தன. 1835இற் காபெட் இறந்தார். அவர் மகன் கடனில் மூழ்கிச் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தபோது, மனித எலும்பை ஏலங்கூற ஏலக்காரர் மறுத்தார். அண்டை வீட்டு உழவரொருவர் அப்பெட்டியைச் சில காலம் வைத்திருந்து, 1844இல் லண்டனிலிருந்த பெஞ்சமின் டில்லி என்பாரிடம் சேர்ப்பித்தார். அதற்குப்பின் அவை சிதறி, போன இடம் தெரியாமற் போயின.

காபெட்டைக் கொடியவரென்று கூற நாம் துணியோம். அவர் நெஞ்சிலிருந்தது அன்பே. ஆனால், இறந்தவர் எழுதி வைத்த பன்னிரண்டடிச் சதுரத்தை அவர் சிறிதென்று எண்ணிவிட்டார். நியூ ரொஷெலில் அச்சமாதியைச் சுற்றி வேலி கட்டித் தருவதற்கு ஆகும் செலவு, எலும்பைக் கப்பலேற்றிய செலவில் ஒரு சிறு பகுதியே ஆகியிருக்கும். நம் நாட்டிலும் குலப்பெரியவர் ஒருவர் அடங்கிய மேட்டை விட்டுவிட்டு, ஜில்லாத் தலைநகரிற் கண்ணைக் கவரும் இடத்தில் மணிமண்டபம் கட்டவேண்டும் என்று துடிக்கும் இளைஞரைக் கண்டிருக்கின்றோம். மண்டபம் வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முதலில் மேட்டுக்கு வேலி இடுக.

இனி, உடல் போன பின்பு அவ்விடம் என்னவாயிற்று என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. குழி வெறுங்குழியாயிற்று. தலைமாட்டுக் கல்லையும் வந்தவர் சிலர் பகையால் அடித்தும், சிலர் நினைவுப் பொருளாகச் சில்லுச் சில்லாக உடைத்தும் எடுத்துச் சென்றனர். ஆயினும் அவ்விடத்தை மறவாதவர் சிலர் இருந்தனர். கில்பர்ட் வேல் என்னும் பத்திரிகாசிரியர் அன்பர்களிடம் சிறு சிறு தொகையாகப் பொருள் திரட்ட, ஜான் பிரேசி என்னும் சிற்பி வகுத்த சலவைக்கல் தூண் 1839இல் அங்கே நாட்டப்பட்டது. அதுவும் பழுதுபட்டது, 1881இற் செப்பனிடப்பட்டது. 1899இல் வெண்கலச் சிலை ஏறிற்று. 1905இல் அந்நகரத்தார் அத்தூணைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டனர். பெயினுடைய வரலாற்றை 1892இல் விரிவாக எழுதிய மான்கியூர் கான்வே என்பார், அவருடைய மூளையின் சிறு துண்டென்று கருதப்பட்ட ஒன்றை இங்கிலாந்தில் விலைகொடுத்து மீட்டு வந்தார். அஃதும் அவ்வாண்டில் அங்கே வைக்கப்பட்டது. பெயின் குடியிருந்த சிறு வீடு 1908இல் இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தப்பட்டுக் காக்கப்படுகின்றது. 1925இல் அருகே ஞாபக மண்டபமொன்று கட்டத் தொடங்கியபோது முதல் மண்ணை வெட்டியவர் மின்விளக்குப் புகழ் தாமஸ் எடிசன். 1972இல் அவ்வீடு தேசீய சரித்திரச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அவர் பிறந்த தெட்போர்டிலும் 1964இல் பொன் முலாமிட்ட சிலை நிறுவப்பட்டது. அது பார்க்க அழகியதே. ஆயினும் நியூ ரொஷெல் தூணுக்குள்ள பொருள் அதற்கில்லை என்பது நம் கருத்து. ஏனெனில், வாக்கு மறுத்ததும், ஒரு தாயும் மகனும் குழியின் இருபுறம் நின்றதும், அன்பர் ஒருவர் இருளில் வந்து தோண்டியதும் எல்லாம் நிகழ்ந்தது அந்த ஊரின் மண்ணிலேதான். அச்செய்திகளை வேறோர் ஊருக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது.

எலும்பில்லாத கல்லைப் போற்றுவது தமிழர்க்குப் புதியதன்று. வீரன் ஒருவனுடைய நினைவாகக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயர் பொறித்து நடும் முறையைத் தொல்காப்பியம் கூறும். கண்ணகிக்குச் சேரன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரத்திற் படிக்கின்றோம்; அக்கல்லின்கீழ் அவள் உடல் இல்லை. இவ்வகையில் நியூ ரொஷெல் தூணை ஒரு நடுகல் என்றே நாம் கொள்ளலாம்.

பெயினுடைய எழுத்து நம் தேசத்தையும் தொட்டது. பூனாவில், தோட்டத்தொழில் செய்யும் மாலி குலத்திற் பிறந்த ஜோதிராவ் புலே, இருபது வயதளவில் ‘மனிதனுடைய உரிமைகள்’ நூலைப் படித்தார். 1848இற் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1873இல் சத்தியசோதக சமாஜத்தை நிறுவினார். எலும்பு சென்ற வழி ஒன்று, எழுத்துச் சென்ற வழி வேறு. ஒன்று லண்டனில் மறைந்தது. மற்றது பூனாவில் முளைத்தது.

ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. மயானத்தில் இடம் மறுத்த குவேக்கரை எளிதிற் பழித்துவிடலாம். நம் ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடும் சாதிக்கொரு பாதையும் இன்றும் உள்ளன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாணியம்பாடிக்கு அருகே, மயானத்துக்குச் செல்லும் வழி அடைபட்டமையால், ஒரு பிரேதத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய செய்தியை நாம் அனைவரும் படித்தோம். நம் சமூகத்தார்க்கு முற்காலத்தில் வழி மறுத்தவர் உண்டு. அதனைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். நம் மயானத்தின் வழியாகவோ நம் வயலின் வரப்பு வழியாகவோ மற்றவர் செல்ல வேண்டிய இடங்களில் நாம் எப்படி நடந்துகொள்கின்றோம் என்பதையும் அதே வாயாற் சொல்லப் பழகவேண்டும்.

ஆதலின் அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். தத்தம் ஊரிலுள்ள நம் சமூகப் பெரியோர் சமாதிகளின் விவரத்தை எழுதி, சங்கக் காரியதரிசிக்கு அனுப்புக. அடங்கியவர் பெயர், தெரிந்தவரை ஆண்டு, கல்லிற் பொறித்துள்ள எழுத்து இருந்தபடியே, கிராமக் கணக்கில் நிலத்தின் சர்வே எண், நான்கெல்லை, பட்டா யார் பெயரில் உள்ளது அல்லது புறம்போக்கா என்பது, இப்போது பேணுபவர் யார் என்பது ஆகியன வேண்டும். சமாதிக்குச் செல்லும் பாதை எவர் நிலத்தின் வழியாகச் செல்கின்றது என்பதையும், நம் நிலத்தின் வழியாக எவருடைய மயானத்துக்குப் பாதை செல்கின்றது என்பதையும் தனித்தனியே குறிக்கவேண்டும். உடல் வேறிடம் மாற்றப்பட்டு வெறும் மேடு மட்டும் எஞ்சியிருப்பின், அதனையும் விடாமல் எழுதுக.